பசை போக வேண்டும், சாயம் நிலைக்க வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பழைய கார் வாங்குபவர்கள் அதன்மேல் ஒட்டியிருக்கும் அலங்காரப் பட்டைகளையும் சின்னங்களையும் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். ஏன் வேண்டாம், பிறகு எப்படித்தான் எடுப்பது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நம் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்தே வந்தவை. ஆகவே இவ்விதழில் வேறு எதையும் சேர்க்காமல் அந்தக் கேள்விகளுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பெரோடுவா மைவி ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். முந்தைய உரிமையாளர் கதவுகளில் குரோம் பட்டைகளையும் பின்கதவில் சில எழுத்துச் சின்னங்களையும் ஒட்டியிருந்தார். ஒரு பட்டையைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தேன். பட்டை வந்துவிட்டது, ஆனால் கறுப்பு நிறப் பஞ்சும் பசையும் கதவிலேயே நீளமாகத் தங்கிவிட்டன. ஓரத்தில் ஒரு கீறலும் விழுந்துவிட்டது. மீதமுள்ளவற்றை எப்படி எடுப்பது? – சுங்கை சிப்புட்டை அடுத்த தோட்டத்து வாசகர்

பதில்: மீதமுள்ள பட்டைகளைத் தொடுவதற்கு முன் அந்தக் கத்தியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். தொழிற்சாலையில் அடிக்கப்பட்ட சாயம் நாம் நினைப்பதைவிட மிக மெல்லியது. இரும்புத் தகட்டின்மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிபோல் தெளிந்த மேற்பூச்சு என்று நான்கு அடுக்குகள் இருந்தாலும், பெரும்பாலான கார்களில் அவை அனைத்தும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். தலைமுடி ஒன்றின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், இரண்டு முடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்த அளவுக்குள் உங்கள் காரின் நிறம், பளபளப்பு, துருவிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு எல்லாம் அடங்கிவிடுகின்றன. கத்தி முனை அந்தக் கனத்தைக் கடக்க ஒரு நொடி போதும்.

கதவில் தங்கிய அந்தப் பஞ்சு, இருபக்கமும் ஒட்டும் அக்ரிலிக் நுரைப் பட்டி ஆகும். பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் குணம் புதிதாக இருக்காது. பால் எடுக்க மரப்பட்டையை வெட்டுவதற்கு முன் வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நிதானமாக இழுத்தால் நாடாபோல் முழுதாக உரிந்து வரும். வெடுக்கென்று இழுத்தால் பாதியில் அறுந்து, மீதி மரத்தோடு தங்கிவிடும். நுரைப் பட்டியும் வேகமான இழுப்பை எதிர்த்து நிற்கும், மெதுவான இழுப்புக்கு இசைந்து நீளும், சூடு ஏற ஏற இளகும், குளிர்ந்தால் விறைத்துக்கொள்ளும். நீங்கள் நெம்பியபோது பசை சாயத்தை விட்டு விலகாமல், நுரை நடுவில் கிழிந்துவிட்டது. பட்டை உங்கள் கைக்கு வந்ததும் பஞ்சு கதவில் நின்றதும் அதனால்தான்.

என் பட்டறைக்கு வரும் எவரும் முதலில் கேட்பது எந்த மருந்தைப் போட்டால் பசை போகும் என்பதைத்தான். நான் முதலில் பார்ப்பது, அந்த மருந்தை எந்தச் சாயத்தின்மேல் போடப் போகிறோம் என்பதை. நம் வட்டாரத்தில் ஓடும் பழைய கார்களில் பல மூன்று நான்கு கை மாறியவை. எங்கோ இடிபட்டு, ஏதோ ஒரு சிறிய பட்டறையில் தட்டி நிமிர்த்திச் சாயம் அடிக்கப்பட்ட கதவு ஒன்றாவது அவற்றில் இருக்கும். தொழிற்சாலைச் சாயம் 140 டிகிரி செல்சியஸ் அளவிலான சூளை வெப்பத்தில் இறுக்கப்பட்டது. ஆகவே சாதாரண மருந்துகளைத் தாங்கும். காற்றில் உலரவிட்ட மலிவான சாயத்துக்கு அந்த வலிமை கிடையாது. இந்த வேறுபாட்டை அறியாமல் கடையில் வாங்கிய மருந்தை அப்படியே தடவுவதால்தான் பெரும்பாலான கார்கள் கெடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

சோதித்துப் பார்ப்பது கடினமன்று. கதவின் ரப்பர் ஓரங்களில் சாயத் துகள் படிந்திருக்கிறதா, காகிதம் ஒட்டி மறைத்து அடித்த கோடு எங்காவது தெரிகிறதா, பக்கத்துக் கதவோடு ஒப்பிட்டால் நிறமோ மேற்பரப்பின் நெளிவோ மாறுபடுகிறதா என்று காலை வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு கதவின் கீழ் விளிம்பில், கண்ணுக்குப் படாத ஓரிடத்தில், வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டுத் தின்னர் (சாயத்தை நீர்க்கச் செய்யும் கரைப்பான்) நனைத்து ஒற்றி எடுங்கள். துணியில் நிறம் ஏறினாலோ ஒற்றிய இடம் பிசுபிசுத்தாலோ அது பிற்பாடு அடிக்கப்பட்ட சாயம். அந்தக் கதவுக்கு எண்ணெயும் சவர்க்கார நீரும் தவிர வேறு எதையும் நினைக்க வேண்டாம்.

அடுத்த வேலை கழுவுவது. இதை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் தோட்டச் சாலையில் ஓடும் காருக்கு இதுவே முக்கியமானது. பட்டையின் ஓரமெல்லாம் செம்மண் துகள் பதுங்கியிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு நூலாலோ துணியாலோ தேய்த்தால், மணல்தாள் கொண்டு தேய்ப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இராது. நீரைப் பாய்ச்சி, பழைய பல்துலக்கியின் மென்மையான மயிர்களால் பட்டையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் துலக்கி, உலர விடுங்கள்.

சூட்டுக்கு நம் ஊர் வெயிலே முதல் அடுப்பு. நண்பகலில் வெயிலில் நிறுத்திய கருநிறக் காரின் தகடு 60 டிகிரியைத் தொடுவது இங்கே சாதாரணம். அந்த அளவே பட்டியைப் பாதி இளக்கிவிடும். வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய பின் முடி உலர்த்தியை நான்கு விரல் தூரத்தில் பிடித்து, ஒரு சாண் நீளத்தை ஒரு நிமிடம் போல, ஓரிடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஆட்டிச் சூடாக்குங்கள். தகட்டின்மேல் உள்ளங்கையை மூன்று நொடி வைத்திருக்க முடியாத சூடு வந்துவிட்டால் அதற்கு மேல் வேண்டாம். பட்டறைகளில் பயன்படுத்தும் வெப்பக்காற்றுத் துப்பாக்கி 500 டிகிரிக்கு மேல் போகக்கூடியது. பழக்கமில்லாத கையில் அது சாயத்தைக் கொப்புளிக்கச் செய்யும், முட்டுத்தாங்கி (பம்பர்) போன்ற பிளாஸ்டிக் பாகங்களைச் சில நொடிகளில் வளைத்துவிடும். வீட்டில் செய்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இளகிய முனையைப் பழைய வங்கி அட்டையால் சிறிது தூக்கி, பட்டையைச் சாயத்துக்கு நெருக்கமாகப் படிந்த கோணத்தில், ஒரு விரல் நீளம் நகர ஐந்து ஆறு நொடி ஆகும் வேகத்தில் இழுத்து வாருங்கள். பட்டி நூல் நூலாக நீண்டு விலகுவது கண்ணுக்குத் தெரியும். அறுந்துவிடும் என்று தோன்றினால் இழுப்பதை நிறுத்தி மறுபடியும் சூடேற்றுங்கள். பின்கதவின் எழுத்துச் சின்னங்களுக்கு அட்டை உதவாது. தங்சி என்று நாம் சொல்லும் தூண்டில் நரம்பை இரு கைகளிலும் சுற்றிக்கொண்டு, சின்னத்துக்கும் தகட்டுக்கும் இடையே விட்டு, இடமும் வலமுமாக அறுத்தபடி கீழே இறக்குங்கள். நரம்பு சாயத்தில் உரசாமல் சின்னத்தின் பக்கமாகவே சாய்ந்து நடக்கட்டும். மூங்கில் சிம்பைச் சீவி நெம்புகோலாக வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மூங்கிலின் மேல்தோலில் மணற்சத்து உண்டு, அது கோடு போடும்.

இனி உங்கள் கதவில் ஏற்கெனவே தங்கிவிட்ட பஞ்சு. அதையும் சூடாக்கி, கட்டை விரலின் சதைப் பகுதியால் ஒரே திசையில் அழுத்தி உருட்டுங்கள். பெரும்பகுதி உருண்டை உருண்டையாகத் திரண்டு வரும். உருட்டியதில் கிடைத்த உருண்டையையே மிச்சப் பசையின்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால், பசை தன் இனத்தோடு சேர்ந்து கிளம்பும். விரல் வலிக்கும், பாதி மணி நேரம் பிடிக்கும், ஆயினும் எந்த மருந்தும் இல்லாமல் முக்கால் வேலை இதிலேயே முடிந்துவிடும்.

கடைசியில் எஞ்சும் மெல்லிய பிசுபிசுப்புக்கு மட்டுமே மருந்து தேவை. காரை நிழலுக்குக் கொண்டுவந்து தகடு ஆறிய பின், சமையலறையில் இருக்கும் செம்பனை எண்ணெயைத் துணியில் நனைத்துப் பசையின்மேல் கால் மணி நேரம் படிய வையுங்கள். எண்ணெய் பசைக்குள் ஊறி அதை உப்பச் செய்து பிடியைத் தளர்த்தும். எந்தச் சாயத்தையும் அது கெடுப்பதில்லை என்பதால் நான் எப்போதும் அதிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு அசையாத பசை தொழிற்சாலைச் சாயத்தின்மேல் இருந்தால், மண்ணெண்ணெயோ கார்க் கடையில் கிடைக்கும் பசை நீக்கியோ சிறிதளவு பயன்படுத்தலாம். வேலை முடிந்ததும் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் நன்றாகக் கழுவிவிடுங்கள். மண்ணெண்ணெய் போன்ற தீப்பற்றும் பொருள் கையில் இருக்கும்போது முடி உலர்த்தி எந்தக் காரணத்துக்காகவும் ஓடக்கூடாது. முதலில் சூடு, அது முழுவதும் அணைந்து மின்கம்பியும் பிடுங்கப்பட்ட பிறகே மருந்து.

கீறலின்மேல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால் மெருகுக் குழம்பால் தேய்த்து மறைத்துவிடலாம். தடுத்தால் மேற்பூச்சைக் கடந்துவிட்டது. மழைநீர் இறங்கித் துருப்பிடிப்பதற்குள் உங்கள் காரின் நிற எண்ணுக்குரிய தொடுசாயத்தைச் சிறு தூரிகையால் வைத்து மூடிவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் கதவுப் பட்டையின் பசையைத் தின்னர் ஊற்றித் துடைத்தார். பசை போய்விட்டது, அந்த இடம் வெளுத்து, சுருங்கிய தோல்போல் ஆகிவிட்டது. மெருகு போட்டால் சரியாகுமா? அடுத்த முறை பெட்ரோலால் துடைக்கலாமா? – பீடோர் வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் சொல்லும் இரு அடையாளங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். வெளுப்பு மட்டும் இருந்திருந்தால் மேற்பூச்சின் மேல்மட்டம் சிறிது தாக்கப்பட்டிருக்கிறது என்று கொண்டு, மூன்று நான்கு நாள் உலரவிட்டு மெருகு போடச் சொல்லியிருப்பேன். சுருக்கம் விழுந்துவிட்டால் தின்னர் சாயத்துக்குள் இறங்கி, அடியிலுள்ள அடுக்கை உப்பச் செய்து தூக்கிவிட்டது என்று பொருள். அந்தக் கதவு முன்னரே ஒருமுறை சாயம் அடிக்கப்பட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மெருகு அதைச் சரிசெய்யாது. தேய்க்கத் தேய்க்கத் தூக்கிய தோல் கிழிந்து வரும். பாதிக்கப்பட்ட பகுதியை உறுதியான சாயம் வரை தேய்த்து இறக்கி, அடிப்பூச்சிலிருந்து மறுபடி அடிப்பதே வழி. அதுவரை அதன்மேல் மெழுகோ வேறு பூச்சோ தடவாதீர்கள், அவை அடுத்து அடிக்கும் சாயத்தைப் பிடிக்கவிடாமல் செய்யும்.

உங்கள் கணவரைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் தொழில் பழகிய முதல் ஆண்டில், சிவப்புக் கார் ஒன்றின் முன்மூடியில் இருந்த ஒட்டுப்படத்தின் பசையை இதேபோல் தின்னரால் துடைத்தேன். இரண்டாவது இழுப்பில் துணி முழுவதும் சிவப்பாயிற்று. உரிமையாளர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் மூடியைக் கழற்றி எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து துணியில் நிறம் ஏறுகிறதா என்று மறைவான இடத்தில் பார்க்காமல் நான் எந்த மருந்தையும் திறப்பதில்லை.

பெட்ரோலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது பசையைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பற்றும், மூச்சோடு உள்ளே போனால் உடலுக்குக் கேடு. வீட்டு வாசலில், பக்கத்துச் சமையலறையில் எரிவாயு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் இடத்தில், அதைத் துணியில் நனைத்து வைத்துக்கொள்வதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. நகச்சாயம் நீக்கும் அசிட்டோனும் சாயத்துக்கு ஆகாது.

கேள்வி: என் தந்தை தோட்டத்தில் மண்டோராக (வேலை மேற்பார்வையாளராக) இருந்தபோது வாங்கிய முதல் தலைமுறைப் புரோட்டோன் சாகாவை இன்னும் ஓட்டுகிறேன். கதவுகளின் நடுவே ஓடும் கறுப்புப் பட்டைகள் வெடித்துவிட்டன. இழுத்தால் சில இடங்களில் அசையவே இல்லை. பலமாக இழுக்கலாமா? – ஓய்வுபெற்ற வாசகர், கோலகங்சார்

பதில்: ஐயா, தயவுசெய்து பலமாக இழுக்காதீர்கள். 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் அறிமுகமான அந்த வண்டியை இன்றும் ஓட்டத்தில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். உங்கள் வண்டிக்கு ஒரு துளை கூடுதலாக விழக்கூடாது என்பது என் ஆசை.

அக்காலத்துக் கார்கள் பலவற்றில் பக்கப் பட்டைகளைப் பசையால் மட்டும் ஒட்டுவதில்லை. கதவுத் தகட்டில் துளையிட்டு, பிளாஸ்டிக் அல்லது உலோகக் கொக்கிகளை அதில் பொருத்தி, அவற்றின்மேல் பட்டையை அழுத்தி மாட்டுவார்கள். அசையாத இடத்தில் பட்டையின் ஓரமாகத் தடித்த அட்டைத் துண்டை நுழைத்து நகர்த்திப் பாருங்கள். அது சீரான இடைவெளியில் எங்காவது தட்டி நின்றால் அங்கே கொக்கி இருக்கிறது. அந்த இடத்துக்கு நேர் கீழே, துணி சுற்றிய அகன்ற பிளாஸ்டிக் ஆப்பை வைத்து, தகட்டுக்குச் செங்குத்தாக வெளிப்பக்கம் தள்ளினால் கொக்கி விடுபடும். இத்தனை ஆண்டு வெயில்பட்ட பிளாஸ்டிக் கொக்கிகளில் பாதியாவது உடையும், அதை எதிர்பார்த்தே இறங்குங்கள். பட்டையை மீண்டும் மாட்டும் எண்ணம் இருந்தால் மாற்றுக் கொக்கிகளைக் கையில் வைத்துக்கொண்ட பிறகு கழற்றுவது நல்லது.

பட்டை வந்ததும் உங்கள் கண் பசையைத் தேடும். நீங்கள் தேட வேண்டியது துளைகளின் விளிம்பை. தகடு வெட்டப்பட்ட அந்த விளிம்பில்தான் சாயம் மிக மெலிந்திருக்கும், பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே தேங்கிய ஈரமும் அங்கேதான் இத்தனை ஆண்டும் வேலை செய்திருக்கும். விளிம்பு பழுப்பாக இருந்தால் துருவைப் பளபளக்கும் தகடு தெரியும் வரை சுரண்டி, துருத் தடுப்பு அடிப்பூச்சும் தொடுசாயமும் வைத்து நன்றாக உலரவிடுங்கள். பட்டை இனி வேண்டாம் என்று முடிவு செய்தால் துளைகளை ரப்பர் அடைப்பான் கொண்டு மூடலாம், அல்லது பட்டறையில் பற்றவைத்து நிரப்பிச் சாயம் அடிக்கலாம். துளையின்மேல் பள்ளம் நிரப்பும் மெத்துப் பூச்சை மட்டும் அப்பிச் சமன் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்பக்கம் திறந்திருக்கும் துளையின் வழியே ஈரம் வந்து, ஓரிரு ஆண்டில் அந்தப் பூச்சு வட்டமாகக் கிளம்பிவிடும்.

என்னைக் கேட்டால், உங்கள் வண்டியில் பட்டைகளை மாற்றிப் புதிதாகப் பொருத்துவதே அழகு. அந்தக் காரின் பக்கவாட்டு வடிவம் பட்டையோடு சேர்த்தே எண்ணிச் செய்யப்பட்டது.

கேள்வி: துளைப்பொறியில் மாட்டிச் சுழற்றும் ரப்பர் சக்கரத்தால் பசையை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். நம்பலாமா? – தொழிற்பயிற்சி மாணவர், ஈப்போ

பதில்: நம்பலாம் தம்பி, அது நல்ல கருவி. எழுதியதை அழிக்கும் ரப்பரைப் போலவே தான் தேய்ந்து பசையைச் சுருட்டிக்கொண்டு வரும். நீண்ட பட்டைகளின் நுரையை எடுக்க அதற்கு இணையானது எதுவும் இல்லை. ஆனால் அது வேலை செய்வது உராய்வால், உராய்வு சூட்டை உண்டாக்கும். ஓரிடத்தில் இரண்டு மூன்று நொடி நின்றாலே மேற்பூச்சு வெந்து மங்கிவிடும். சக்கரத்தின் உறையில் அச்சிட்டிருக்கும் சுழல்வேக வரம்பை மீறாதே. வேகத்தைக் குறைத்து, சக்கரத்தின் எடையே போதும் என்ற அளவில் அழுத்தி, கையை நகர்த்திக்கொண்டே இரு. கதவின் விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் சாயம் மெலிந்திருக்கும், அங்கே சக்கரம் போகக்கூடாது. மறுபடி அடித்த சாயத்திலும், பிளாஸ்டிக் முட்டுத்தாங்கியிலும் இதைப் பயன்படுத்தாதே. பிளாஸ்டிக்கின்மேல் சாயம் பிடிப்பது இரும்பின்மேல் பிடிப்பதுபோல் அவ்வளவு உறுதியாக இராது. முதலில் பழைய இரும்புக்கடையில் கிடைக்கும் கதவு ஒன்றில் பழகிவிட்டு வாடிக்கையாளரின் காருக்கு வா.

கேள்வி: சின்னத்தை எடுத்தாயிற்று, பசையும் சுத்தமாகப் போய்விட்டது. ஆனாலும் அதே எழுத்துகள் நிழல்போல் தெரிகின்றன. இதை அழிக்க முடியுமா? – சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: இரண்டு வேறு நிழல்கள் உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது, எழுத்தின் ஓரத்தைச் சுற்றிப் பல ஆண்டு படிந்த அழுக்கும் மெழுகும் உண்டாக்கிய கோடு. இதைக் கார்க் கடையில் சாயத்தைச் சுத்தம் செய்யவென்றே விற்கும் களிமண் கட்டியால் நீர் தெளித்துத் தேய்த்து, பிறகு மெல்லிய மெருகுக் குழம்பை மென்மையான பஞ்சில் எடுத்துத் தேய்த்தால் முழுவதும் நீங்கிவிடும். கடிதங்களில் விவரிக்கப்படும் நிழல்களில் பெரும்பாலானவை இந்த வகையே.

இரண்டாவது, வெயிலால் வந்தது. சின்னத்துக்கு அடியிலிருந்த சாயம் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிறத்தில் இருக்கிறது, சுற்றியுள்ள சாயம் வெயிலில் வெளுத்திருக்கிறது. இங்கே எழுத்தில் குறை ஒன்றுமில்லை, மாறியிருப்பது சுற்றிலும் உள்ள பரப்பு. ஆகவே எழுத்தைத் தேய்க்காமல், சுற்றிலும் உள்ள பகுதியை மெருகேற்றி அதன் நிறத்தை எழுத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். மேற்பூச்சு இல்லாத பழைய சிவப்பு, நீலச் சாயங்களில் இது வியக்கத்தக்க அளவு பலன் தரும். தேய்க்கும் துணியில் நிறம் ஏறுவது அங்கே இயல்பு, வெளுத்த மேல்மட்டம் போய் அடியிலுள்ள நிறம் வெளிப்படும். மேற்பூச்சு உள்ள கார்களில் ஓரளவே குறையும். மேற்பூச்சின் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான், வெயிலைத் தடுக்கும் சத்து அதில்தான் இருக்கிறது. நிழலை முற்றிலும் துரத்த வேண்டும் என்று விடாப்பிடியாகத் தேய்த்து அதைக் கரைத்துவிட்டால், சில ஆண்டுகளில் பின்கதவு திட்டுத்திட்டாக வெளுத்து உரியத் தொடங்கும். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்குக் குறைந்ததும் நிறுத்திவிடுங்கள். நான் என் சொந்தக் காரில் அப்படித்தான் விட்டிருக்கிறேன்.

கேள்வி: கதவுக் கண்ணாடிகளுக்கு மேலே ஒட்டியுள்ள மழைத்தடுப்புகள் மங்கி, விரிசல் விட்டுவிட்டன. இவற்றையும் இதே முறையில் எடுக்கலாமா? – தாப்பா வாசகர்

பதில்: எடுக்கலாம், ஓர் எச்சரிக்கையோடு. மழைத்தடுப்பு ஒட்டியிருக்கும் கதவுச் சட்டம் சில கார்களில் சாயம் பூசியதாக இராது, கறுப்புப் படலம் ஒட்டியதாக இருக்கும். சட்டத்தின் கோடியில் படலத்தின் விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நரம்பை மட்டும் பயன்படுத்துங்கள், இழுக்கவோ சூட்டை அதிகமாக்கவோ வேண்டாம், படலமும் சேர்ந்து உரிந்து வரும். மங்கிய பிளாஸ்டிக் கண்ணாடிச் சில்லுபோல் உடையும் என்பதால் கண்களுக்குக் காப்பு அணியுங்கள்.

கேள்வி: மகள் ஓட்டுநர் உரிமம் எடுத்து ஈராண்டு நிறைவடைந்ததும் பின்கண்ணாடியிலிருந்த 'பி' ஒட்டுப்படத்தைக் கிழித்தாள். தாள் பாதி, பசை பாதி நிற்கிறது. முன்கண்ணாடியில் பழைய சாலை வரி வில்லையின் பசையும் இருக்கிறது. கண்ணாடிதானே, சவர அலகால் சுரண்டலாமா? – தோட்ட வாசகி

பதில்: முன்கண்ணாடியைச் சுரண்டலாம், பின்கண்ணாடியின் உட்பக்கத்தைச் சுரண்டக் கூடாது. பின்கண்ணாடியின் உட்புறம் ஓடும் மெல்லிய கோடுகள் பனிமூட்டத்தைப் போக்கும் மின்கம்பிகள். அலகு ஒரு கோட்டை அறுத்தாலே அந்தக் கோடு முழுவதும் வேலை செய்யாது. அதன்மேல் கருப்புப் படலம் ஒட்டியிருந்தால் அதுவும் கிழியும். சவர்க்காரம் கலந்த வெந்நீரில் நனைத்த துணியைப் பதினைந்து நிமிடம் ஒட்டி வைத்துத் தாளை ஊறவிட்டு விரலால் உருட்டுங்கள், எஞ்சியதற்குச் சமையல் எண்ணெய் போதும். முன்கண்ணாடியில் படலம் இல்லாத இடமாக இருந்தால், சவர்க்கார நீரைத் தாராளமாகத் தெளித்து, புதிய அலகை மிகப் படிந்த கோணத்தில் பிடித்து ஒரே திசையில் தள்ளலாம். மலேசியக் குடிமக்களின் தனியார் கார்களில் சாலை வரி வில்லையைக் காட்சிக்கு ஒட்ட வேண்டியதில்லை என்று 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டதிலிருந்து, ஆண்டுக்கொரு முறை இந்தப் பசையோடு போராடும் வேலை பலருக்குக் குறைந்திருக்கிறது.

கேள்வி: எடுத்த பட்டையையே சுத்தம் செய்து மறுபடி ஒட்ட விரும்புகிறேன். எந்தப் பட்டி வாங்குவது, எப்படி ஒட்டினால் நிலைக்கும்? – சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: கார்களுக்கென்றே விற்கப்படும் அக்ரிலிக் நுரைப் பட்டியை, பட்டையின் அகலத்தைவிடச் சிறிது குறுகிய அளவில் வாங்குங்கள். சுவரில் படம் மாட்ட விற்கும் வெள்ளைப் பஞ்சுப் பட்டி மழைக்கும் வெயிலுக்கும் சில வாரம்கூடத் தாங்காது. பட்டையின் பின்புறத்திலும் கதவிலும் பழைய பசையோ எண்ணெயோ மெழுகோ துளியும் இருக்கக் கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் நீரையும் சம அளவில் கலந்து இருபுறமும் துடைத்து, ஈரம் முழுவதும் போகும் வரை காத்திருங்கள். கழற்றுவதற்கு முன்பே பட்டையின் மேல் விளிம்பை ஒட்டிக் கதவில் காகித நாடா ஒட்டி வைத்திருந்தால், இப்போது கோடு பிறழாமல் வைப்பது எளிது. வைத்த பின் நகர்த்த முடியாது.

வைத்ததும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டை விரலால் பலமாக அழுத்திக்கொண்டே போங்கள், இந்தப் பட்டிக்கு வலிமை தருவது அழுத்தம்தான். காலை பத்து மணியளவில், தகடு வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒட்டுவது சிறந்தது. 20 நிமிடத்தில் பாதிப் பிடியும், 24 மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கும், 72 மணி நேரத்தில் முழுப் பிடியும் வந்து சேரும். ஆகையால் அந்த மூன்று நாளும் காரைக் கூரையின் கீழ் நிறுத்துங்கள், கழுவும் கடைக்குக் கொண்டுபோய் அழுத்தநீர் அடிக்க விடாதீர்கள்.